கால்சியம், வைட்டமின் ‘டி’ மாத்திரைகள்: மூத்தோரின் ஆயுளுக்கு நன்மையா, கெடுதலா?

ஜூரோங்கிற்கு 1960களிலும் 1970களிலும் வேலை தேடி வந்து, தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்த தலைமுறை இப்போது 75 வயதைத் தாண்டி நிற்கிறது. அவர்களில் பலர் ரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை ஆகியவற்றோடு கால்சியமும் வைட்டமின் ‘டி’யும் எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். சிலர் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கியிருப்பார்கள். வேறு சிலருக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளோ உறவினர்களோ வாங்கி வந்திருப்பார்கள்.

இந்த மாத்திரைகளைப் பற்றி இருவேறு செய்திகள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அவை எலும்பைக் காத்து ஆயுளைக் கூட்டும் என்கிறது ஒன்று. கால்சியம் மாத்திரை ரத்தக் குழாயை அடைத்து மாரடைப்பைக் கொண்டுவரும் என்கிறது மற்றொன்று. முதல் செய்தியை நம்பி அளவில்லாமல் சாப்பிடுவோர் உண்டு. இரண்டாவதைப் படித்துவிட்டு மருத்துவர் கொடுத்ததையும் நிறுத்திவிடுவோரும் உண்டு. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது.

இரு செய்திகளுக்கும் பின்னால் உண்மையான மருத்துவ ஆய்வுகள் உள்ளன. அவற்றில் யார் பங்கேற்றார்கள், அவர்களுக்கு என்ன வயது, என்ன அளவு கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் முடிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்பது விளங்கும். சுருக்கமாகச் சொன்னால், நன்றாகச் சாப்பிட்டு, நடமாடி, குறைபாடு இல்லாமல் இருக்கும் 60 வயதுக்காரருக்கு இந்த மாத்திரைகள் ஆயுளைக் கூட்டியதற்குச் சான்று இல்லை. மிக முதியவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், குறைபாடு உள்ளவர்கள், எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்குப் பயன் இருக்கக்கூடும்.

எலும்பு முறிவும் உயிரிழப்பும்

மூத்தோரின் ஆயுளோடு எலும்பு தொடர்புபடும் முக்கிய இடம் இடுப்பெலும்பு முறிவு. குளியலறையில் வழுக்கி விழுவது போன்ற சிறு விபத்தே அதற்குப் போதும். அறுவை சிகிச்சை, படுக்கையில் கிடக்கும் நாள்கள், நுரையீரல் தொற்று, ரத்தக் கட்டி, தசை இழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். இடுப்பெலும்பு முறிந்த மூத்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரோ அதற்கும் மேற்பட்டோரோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிர் பிழைப்போரில் பலர் முன்பு போல் தனியாக நடமாட முடியாமல் போகிறது.

சிங்கப்பூரில் 1960களுடன் ஒப்பிடுகையில் 1990களில் பெண்களிடையே இடுப்பெலும்பு முறிவு விகிதம் சுமார் ஐந்து மடங்காகியிருந்தது. 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராகவோ கடந்தவராகவோ இருப்பார் என்று மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், இது எல்லாப் பேட்டைகளையும் தொடும் பிரச்சினை.

எலும்பின் உறுதிக்குக் கால்சியம் தேவை. உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் ‘டி’ தேவை. இவை குறைந்தால் ரத்தத்தில் கால்சியத்தின் அளவைச் சரியாக வைத்திருக்க, உடல் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். தசை வலுவுக்கும் வைட்டமின் ‘டி’ வேண்டும். இந்த அடிப்படையில்தான் மூத்தோருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

நன்மை கண்ட ஆய்வுகள்

இதற்கு வலுச் சேர்த்த ஆய்வு பிரான்சில் நடத்தப்பட்டு 1992ல் வெளிவந்தது. முதியோர் இல்லங்களில் வசித்த 3,270 பெண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது 84. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் ‘டி3’யும் கொடுக்கப்பட்டன. 18 மாதங்களில் அப்பிரிவில் இடுப்பெலும்பு முறிவுகள் 43 விழுக்காடு குறைவாக இருந்தன. இப்பெண்கள் வெயிலில் அதிகம் நடமாடாதவர்கள். வைட்டமின் ‘டி’ அளவு அவர்களிடம் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தது.

உயிரிழப்பு பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வு. எட்டுப் பெரிய சோதனைகளில் பங்கேற்ற 70,528 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து அது ஆராய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடு வயது 70. வைட்டமின் ‘டி’யைக் கால்சியத்துடன் சேர்த்து எடுத்தவர்களிடையே உயிரிழப்பு 9 விழுக்காடு குறைவாக இருந்தது. வைட்டமின் ‘டி’யை மட்டும் எடுத்தவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை.

9 விழுக்காடு என்பது பெரிதாகத் தோன்றலாம். அதே ஆய்வின் மற்றொரு கணக்கு அதன் உண்மையான அளவைக் காட்டுகிறது. 151 பேர் மூன்றாண்டுகள் மாத்திரை எடுத்தால், அவர்களில் ஒருவரின் மரணம் தவிர்க்கப்படும். எஞ்சிய 150 பேருக்கு, ஆயுளைப் பொறுத்தவரை, மாத்திரையால் மாற்றம் இராது.

மாற்றம் இல்லை என்ற ஆய்வுகள்

அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் வேறு முடிவைத் தந்தன. அமெரிக்காவில் 25,871 பேர் பங்கேற்ற ‘வைட்டல்’ ஆய்வில் 50 வயதைத் தாண்டிய ஆண்களும் 55 வயதைத் தாண்டிய பெண்களும் இருந்தனர். ஒரு பிரிவினர் நாளுக்கு 2,000 அலகு வைட்டமின் ‘டி’ எடுத்தனர். ஐந்தாண்டுக்கும் சற்று மேல் நீடித்த அந்த ஆய்வில் புற்றுநோய் வருவதும் குறையவில்லை, இதய நோயும் குறையவில்லை, மொத்த உயிரிழப்பும் குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022ல் தெரிவிக்கப்பட்டது.

அதே 2022ல் ஆஸ்திரேலியாவின் ‘டி-ஹெல்த்’ ஆய்வு முடிவும் வெளியானது. 60 முதல் 84 வயதுக்கு உட்பட்ட 21,315 பேரில் ஒரு பிரிவினருக்கு மாதம் ஒருமுறை 60,000 அலகு கொடுக்கப்பட்டது. உயிரிழப்பில் மாற்றம் இல்லை.

பிரெஞ்சு ஆய்வுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு பங்கேற்றவர்களின் நிலைதான். முதலாவதில் 84 வயதுப் பெண்கள், குறைபாட்டோடு இருந்தார்கள். பின்னவற்றில் பெரும்பாலோர் வீட்டில் சொந்தமாக வாழ்ந்த, ஓரளவு நல்ல உடல்நலம் கொண்ட, போதிய வைட்டமின் ‘டி’ ஏற்கெனவே இருந்தவர்கள். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழிந்துதான் போகும்.

இதயம் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது?

கால்சியம் மாத்திரையால் மாரடைப்பு வரும் என்ற பேச்சு 2010ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு பரவியது. வைட்டமின் ‘டி’ சேர்க்காமல் கால்சியம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடையே மாரடைப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம் என்று அது கூறியது. மாத்திரை உட்கொண்டவுடன் ரத்தத்தில் கால்சியம் சட்டென உயர்வதும், உணவில் வரும் கால்சியம் மெல்ல மெல்லக் கலப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அது இன்னும் உறுதியாகவில்லை.

அமெரிக்காவில் எலும்பு நலத்துக்கான ஓர் அறநிறுவனமும் இதய நோய்த் தடுப்புக்கான ஒரு மருத்துவர் சங்கமும் 2016ல் கூட்டாக வேறு கருத்தை வெளியிட்டன. ஆரோக்கியமானவர்கள் உணவு, மாத்திரை இரண்டிலிருந்தும் மேல்வரம்பைத் தாண்டாமல் கால்சியம் எடுப்பதால் இதய நோய் கூடுவதாகச் சான்று இல்லை என்று அவை கூறின.

இரு தரப்பையும் எடைபோட உதவும் நீண்டகாலத் தகவல் 2024ல் கிடைத்தது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள் பங்கேற்ற சோதனை அது. நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் ‘டி’யும் சராசரியாக ஏழாண்டு கொடுக்கப்பட்டன. 2006ல் வந்த முதல் முடிவில் எலும்பின் அடர்த்தி சற்றே கூடியிருந்தது. இடுப்பெலும்பு முறிவு உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு அதிகமாக இருந்தது.

அதே பெண்களை 20 ஆண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்ததில், மாத்திரை எடுத்த பிரிவில் புற்றுநோயால் இறந்தவர்கள் 7 விழுக்காடு குறைவு. இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 6 விழுக்காடு அதிகம். மொத்த உயிரிழப்பில் வேறுபாடு இல்லை. ஒன்றில் கிடைத்த சிறு லாபமும் மற்றொன்றில் வந்த சிறு நட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. இந்த ஆய்வின் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொன்னால் மாத்திரை ‘அமுதம்’ ஆகிவிடும். மறு பாதியை மட்டும் சொன்னால் ‘நஞ்சு’ ஆகிவிடும்.

அதிக அளவு, அதிக ஆபத்து

வைட்டமின் ‘டி’ எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தவறு என்பதை 2010ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 70 வயதை எட்டிய, அதற்கும் மேற்பட்ட 2,256 பெண்கள் அதில் கலந்துகொண்டனர். ஆண்டுக்கு ஒருமுறை 500,000 அலகு எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட அதிகம் விழுந்தார்கள். அவர்களுக்கு எலும்பு முறிவும் அதிகம் ஏற்பட்டது.

ஜூரோங் வீடுகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இந்தியாவில் 60,000 அலகு கொண்ட வைட்டமின் ‘டி’ குளிகையும் பொடிப் பொட்டலமும் பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகின்றன. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் மருந்து அது. அந்தச் சில வாரங்கள் முடிந்த பிறகும், ‘நல்லதுதானே’ என்று மாதக்கணக்கில் தொடர்வதுதான் சிக்கல்.

வாரம் 60,000 அலகு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 8,500 அலகு. பெரியவர்களுக்கான பாதுகாப்பான மேல்வரம்பு நாளுக்கு 4,000 அலகு என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010ல் வகுத்தது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் எடுப்பது, ரத்தத்தில் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, மனக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். முதுமையில் இவை எல்லாம் ‘வயசாயிடுச்சு’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகக் கூடியவை என்பதால் குடும்பத்தார் கவனிக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கோடு சுண்ணாம்பு சேர்த்து மெல்லும் பழக்கமுள்ள மூத்தோர் அதையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது. சுண்ணாம்பும் கால்சியம்தான். வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

வெயில் நாட்டில் குறைபாடு ஏன்?

ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் சிங்கப்பூரில் வைட்டமின் ‘டி’ குறைபாடு இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் ‘பி’ தோலில் படும்போதுதான் இந்த வைட்டமின் உருவாகிறது. அந்தக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அதிகாலையிலும் மாலை மங்கிய பிறகும் அது மிகக் குறைவு. வீட்டுக்குள்ளும், கூரை போட்ட நடைபாதையிலும், கீழ்த்தளத்திலும் பொழுதைக் கழிப்பவருக்கு வெயில் நாட்டில் வாழ்ந்தும் பயன் கிடைப்பதில்லை.

கருமையான தோலில் உள்ள நிறமி அந்தக் கதிரைத் தடுக்கிறது. ஆகவே அதே அளவு வைட்டமின் உருவாக அதிக நேரம் வெயில் பட வேண்டும். சிங்கப்பூரில் பல இனத்தவரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைபாடு அதிகம் காணப்பட்டது. வயதும் ஒரு காரணம். 70 வயதுக்காரரின் தோல், இளையரின் தோல் உருவாக்கும் அளவில் பாதியைக்கூட உருவாக்குவதில்லை.

இதற்காக மூத்தோர் உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ஜூரோங் ஏரித் தோட்டத்தில் காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் கை, கால்களில் வெயில் படும்படி சற்று நேரம் நடப்பது தசைக்கும் மனத்துக்கும் சேர்த்தே நல்லது. வெளியே போக முடியாதவர்களுக்கு மாத்திரையின் தேவை அதிகம்.

யாருக்குத் தேவை?

அனைத்துலக நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கமான ‘எண்டோகிரைன் சொசைட்டி’ 2024ல் வெளியிட்ட வழிகாட்டி இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 75 வயதைத் தாண்டியவர்கள் வைட்டமின் ‘டி’ எடுப்பது உயிரிழப்பு அபாயத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு அதை அது பரிந்துரைத்தது. 50 முதல் 74 வயது வரை உள்ள பொதுவான மக்களுக்கு, உணவின்வழி பெற வேண்டிய அளவுக்கு மேல் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்றது. எப்போதோ ஒருமுறை பெரிய அளவில் எடுப்பதைவிட நாள்தோறும் சிறிய அளவில் எடுப்பதே மேல் என்றும் அது கூறியது.

பின்வரும் பிரிவினர் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்:

• 75 வயதைத் தாண்டியவர்கள், வீட்டிலோ தாதிமை இல்லத்திலோ முடங்கியிருப்பவர்கள்.

• சிறு விழுகையில் எலும்பு முறிந்தவர்கள், உயரம் குறைந்து முதுகு வளைந்தவர்கள்.

• ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்கள்.

• எலும்பு மெலிவு நோய்க்கு மாத்திரையோ ஊசியோ பெறுபவர்கள்.

• சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள்.

எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் கைப்பேசிச் செய்தியைப் பார்த்துக் கால்சியத்தை நிறுத்துவது குறிப்பாக ஆபத்தானது. அந்த நோய்க்கான மருந்துகள் பெரும்பாலும் கால்சியம், வைட்டமின் ‘டி’யோடு சேர்த்தே சோதிக்கப்பட்டவை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் ‘டெனோசுமாப்’ ஊசி பெறுபவர்களுக்கு, முக்கியமாகச் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் கடுமையாகக் குறைந்துவிடும் அபாயம் உண்டு.

மறுபுறம், சிறுநீரக நோய் முற்றியவர்கள் தாமாகக் கால்சியம் வாங்கிச் சாப்பிட்டால் அது ரத்தக் குழாய்களில் படியக்கூடும். இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம். நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் பலர். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆசியப் பெண்களுக்கென உருவாக்கப்பட்ட இக்கணக்கு சிங்கப்பூர் மருத்துவர்களும் பயன்படுத்துவது. வயதிலிருந்து உடல் எடையைக் கழிக்க வேண்டும். விடை 20க்கு மேல் என்றால் எலும்பு மெலிவு அபாயம் அதிகம். 0 முதல் 20 என்றால் நடுத்தரம். 0க்குக் கீழ் என்றால் குறைவு. 70 வயதில் 45 கிலோகிராம் எடையுள்ளவருக்கு விடை 25. அவர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அட்டையில் இருப்பதைப் படிக்கும் முறை

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்பனைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. எனவே வாங்குபவர் அட்டையைப் படிக்கத் தெரிந்திருப்பது முக்கியம்.

‘கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்’ என்று எழுதியிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. கார்பனேட் எடையில் 40 விழுக்காடுதான் கால்சியம். சிட்ரேட் வகையில் அது 21 விழுக்காடு. வைட்டமின் ‘டி’ சில அட்டைகளில் மைக்ரோகிராமிலும் சிலவற்றில் அனைத்துலக அலகிலும் குறிக்கப்படும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு. ஆகவே 20 மைக்ரோகிராமும் 800 அலகும் ஒன்றே.

இன்னொரு பொதுவான தவறு ஒரே சத்தை மூன்று வழியில் எடுப்பது. கால்சியம் மாத்திரை, பலசத்து மாத்திரை, மூத்தோருக்கான பால் மாவு மூன்றிலும் கால்சியமும் வைட்டமின் ‘டி’யும் இருக்கும். மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 51 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உணவையும் சேர்த்து நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் போதும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரை. மொத்தம் 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த வரம்பு.

தட்டிலிருந்து வரும் கால்சியம்

முதலில் உணவைக் கணக்கிட்டு, எஞ்சிய பற்றாக்குறைக்கு மட்டும் மாத்திரையை நாடுவதே முறை. ஒரு குவளைப் பாலில் (250 மில்லிலிட்டர்) ஏறத்தாழ 300 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலிக் கருவாடு, எள், முருங்கைக்கீரை, தவ்குவா, கால்சியம் சேர்த்த சோயா பால் ஆகியவையும் உதவும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் உடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது.

காலையில் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ், மதியம் தயிர், இரவில் ஒரு குவளை பால் என்று எடுப்பவர் தேவையின் பெரும்பகுதியை மாத்திரை இல்லாமலே எட்டிவிடுவார். வைட்டமின் ‘டி’ அப்படியன்று. மத்தி போன்ற கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள்கரு, அந்தச் சத்து சேர்க்கப்பட்ட பால் என்று சில உணவுகளில் மட்டுமே அது உண்டு. சைவ உணவு உண்பவர்களுக்கு அது இன்னும் அரிது.

மற்ற மருந்துகளோடு மோதாமல்

ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் எடுத்தால் உடல் அதை நன்கு உறிஞ்சாது. கார்பனேட் வகையை உணவோடு எடுக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ‘ஒமிப்ரசோல்’ போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிட்ரேட் வகை பொருத்தமாக இருக்கலாம்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சில நுண்ணுயிர்க் கொல்லிகளையும் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது. எலும்பு மெலிவுக்கான ‘அலெண்ட்ரோனேட்’ மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே மற்றவற்றை உட்கொள்ள வேண்டும். ‘தையசைடு’ வகை நீர் மாத்திரை ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டக்கூடியது. எல்லா மாத்திரைகளையும் காலைக் காப்பியோடு ஒரே பிடியாக விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் மருந்தாளரிடம் நேர அட்டவணை கேட்டுப் பெறலாம்.

விழாமல் இருப்பதே முதல் மருந்து

மாத்திரையைவிட உறுதியான சான்று உடற்பயிற்சிக்கு இருக்கிறது. வீட்டில் வாழும் மூத்தோரிடம் நடத்தப்பட்ட 108 சோதனைகளை 2019ல் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி விழுகைகளை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைத்தது. துடிப்பாக மூப்படையும் நிலையங்களில் நடைபெறும் நாற்காலிப் பயிற்சி, ‘தாய் சீ’ போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை.

குளியலறையில் வழுக்காத தரை, பிடிமானக் கம்பி ஆகியவற்றை வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ்ப் பெரும்பகுதி மானியத்தோடு பொருத்திக்கொள்ளலாம். கண் பார்வையைச் சோதிப்பதும், மயக்கம் தரும் மருந்துகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்வதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஜூரோங்கில் எங்கே கேட்பது?

ஜூரோங் வட்டாரவாசிகள் ஜூரோங், பயனியர் பலதுறை மருந்தகங்களிலோ தங்கள் குடும்ப மருத்துவரிடமோ இதுபற்றிக் கேட்கலாம். எலும்பு முறிவுக்கு ஆளானோர் பலர் 2015ல் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையிலும், அதை ஒட்டிய ஜூரோங் சமூக மருத்துவமனையிலும் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் பெறுகின்றனர். அங்கிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் மருந்துப் பட்டியலில் கால்சியமும் வைட்டமின் ‘டி’யும் இருந்தால் அவை காரணத்தோடுதான் கொடுக்கப்பட்டிருக்கும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், ஊரிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். தமிழில் பேசினால்தான் தெளிவாக விளங்கும் என்ற நிலையில் உள்ள பெற்றோருடன் பிள்ளை ஒருவர் உடன் போவது நல்லது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. இந்த மாத்திரை எந்தக் காரணத்துக்காக?

2. உணவையும் மற்ற மாத்திரைகளையும் சேர்த்தால் மொத்த அளவு எவ்வளவு?

3. சிறுநீரகம் இதைத் தாங்குமா?

4. மற்ற மருந்துகளுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

5. எத்தனை காலம் எடுக்க வேண்டும், அடுத்து எப்போது பரிசோதிக்க வேண்டும்?

முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருந்தால் மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். விடை இல்லாமல் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவது என்றால் அதை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம், அளவைக் கூட்டவும் வேண்டாம்.